நிலவறைத் தேர்வு

உங்கள் ஸ்டேஷன் காப்பியைப் பற்றி டொலீடோ ஊர் முழுக்கப் பேசிக்கொள்வது அபாண்டம், சார்ஜென்ட். நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி தூக்கல். வெளியே பனி கொட்டும்போது கையில் சூடாக ஒன்று இருந்தால் மனிதன் எதையும் நிதானமாகச் சொல்லிவிடலாம். டைப் அடிக்கிற அந்த அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம். நான் எங்கும் ஓடப் போவதில்லை.

என் பெயர் வெண்டல் ஹாட்ச்கிஸ். ஆடம்ஸ் தெரு மருந்துக்கடையில் மருந்து கலந்து கொடுப்பது வேலை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நிலவறையில் ராஸ்கோ லூபெக் கரிப்புகை ஏறி இறந்துபோனான். அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாமல் கேட்டால் ஏதோ கெட்ட காரியம் நடந்தது போலத் தோன்றும். அது ரொம்பச் சந்தோஷமான வீடு.

நாங்கள் மூன்று பேர். நான், ராஸ்கோ, மேவிஸ் டன்லீவி. ராஸ்கோவின் குரலை நீங்களே கேட்டிருப்பீர்கள். காலையில் ரேடியோவில் பன்றி விலையும் வானிலையும் வாசிப்பவன் அவன்தான். மேவிஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறாள். மூன்று பேரையும் சேர்த்து வைத்தது அட்டையில் ராக்கெட் போட்ட விஞ்ஞானக் கதை மாதப் பத்திரிகைகள். உங்கள் மகன் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பானே, அதே பத்திரிகைகள்தான். குரங்குக்கு அடுத்து மனிதன் வந்தான் என்றால் மனிதனுக்கு அடுத்து யார் என்று பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும்போது யோசிப்பதில்லை. நாங்கள் யோசித்தோம். யோசிக்கிறவர்கள்தான் அந்த அடுத்த ஆட்கள் என்ற முடிவுக்கு வர எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

வாசலில் 'நாளை' என்று பலகை மாட்டினோம். தலையில் காற்றாடி சுழலும் தொப்பியோடு குப்பைத் தொட்டியை வெளியே வைத்தோம். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இன்னும் நூறு வருஷத்தில் சிரிக்க அவர்கள் இருக்க மாட்டார்களே.

மேலான மூளைக்கு மேலான மொழி வேண்டும். கதைகளில் வருகிறவர்கள் ஒரு மூச்சில் ஒரு பாராவைச் சொல்லி முடிக்கிறார்கள். நாம் மட்டும் உப்பை எடுத்துத் தரச் சொல்ல ஒரு நிமிஷம் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தால் எப்படி? அதனால் ஓரிம் மொழியை நான் உண்டாக்கினேன். இரண்டு குளிர்காலம் பிடித்தது. ஓரிமில் ஒரு ஓசை என்றால் ஒரு முழு வாக்கியம். தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும், இந்த மூன்றுக்கும் சொல்லே வைக்கவில்லை. எவ்வளவு மிச்சம் பாருங்கள். எதைச் சொன்னாலும் அது எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். கண்டதா, கேட்டதா, ஊகமா, நிச்சயமா. ஊர் வம்பு பேசவே முடியாது. எங்கள் மாமிகள் யாராவது ஓரிம் கற்றிருந்தால் ஒரே வாரத்தில் ஊமையாகியிருப்பார்கள்.

வீட்டுச் சட்டமும் என்னுடையதுதான். கதவைச் சாத்திவிட்டால் வீட்டுக்குள் ஆங்கிலம் கிடையாது. யாராவது பேசினாலும் அது பேச்சு இல்லை, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய் போடுகிற சத்தம். ஓரிமில் பிழையாகச் சொன்னாலும் அப்படியே. சரியாகச் சொல்கிறவரை யாரும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. மூன்று பேரும் கை தூக்கி நிறைவேற்றினோம். ராஸ்கோ இரண்டு கையையும் தூக்கினான். இதை டைப் அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சட்டம் நன்றாகவே நடந்தது. ஒரு தடவை மேவிஸ் ரொட்டி வாட்டப் போய் அடுப்படித் திரைச்சீலை பற்றிக்கொண்டது.

"ஐயோ, தீ! தீ புடிச்சிருச்சு! யாராவது வாங்களேன்!"

நானும் ராஸ்கோவும் ஹாலில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தோம். ராஸ்கோ எழப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டான். மேவிஸ் திரையைத் தரையில் இழுத்துப் போட்டு மிதித்து அணைத்துவிட்டு, பிறகு வந்து ஓரிமில் முறையாக அறிவித்தாள். கண்டது: தீ. கண்டது: இரண்டு கழுதைகள். பிழையே இல்லை. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் மூவரும் வீட்டிலேயே அச்சடித்து அனுப்பும் சின்னப் பத்திரிகையின் அடுத்த இதழில் அதுதான் முதல் பக்கம். எந்த வீட்டில் இப்படிப்பட்ட ஒழுங்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

நிலவறைத் தேர்வு அதற்குப் பிறகு வந்தது. கீழே பத்திரிகையை நகலெடுக்கக் கையால் சுற்றுகிற சைக்ளோஸ்டைல் மெஷின் இருக்கிறது, பக்கத்தில் கரி உலை. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். பழைய வீட்டுக்காரர் எதற்காக வைத்தாரோ, எங்களுக்கு வசதியாகப் போயிற்று. உள்ளே போனவரைத் தாழிட்டுவிடுவோம். வெளியே வர ஓரிமில் கேட்க வேண்டும். நெருக்கடியிலும் அந்த மொழியே வாயில் வந்தால்தான் அது மூளையில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மேவிஸ் கோடையில் தேர்வு எழுதினாள். இருட்டில் எலி ஓடியும் அவள் ஒரு ஆங்கில வார்த்தை விடவில்லை. வெளியே வந்ததும் அவளுக்குச் செர்ரி கேக் வாங்கிக் கொடுத்தோம். ராஸ்கோவுக்குத் தேர்வு வைக்கவில்லை. அவனுக்கு எதற்கு என்று மேவிஸ் சொல்லிவிட்டாள்.

உண்மைதான், அவனுக்குத் தேவைப்படவில்லை. இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். எனக்கு அவன்மேல் பொறாமை என்று மேவிஸ் உங்களிடம் சொல்லியிருப்பாள். மனிதனுக்கு அடுத்த நிலையில் பொறாமை இருக்காது. ஓரிமில் அதற்குச் சொல்கூட இல்லை; நானே பார்த்து விட்டுவிட்டேன்.

ராஸ்கோ ஓரிமில் ஜோக் அடிக்க ஆரம்பித்தான். எனக்கு அது கொஞ்சம் அதிர்ச்சி. ஜோக் அடிக்க முடியாதபடிதான் அந்த மொழியைக் கட்டியிருந்தேன். ஒரு நாள் மேவிஸ் மாட்டிறைச்சியைப் பொன்னிறம் தாண்டிக் கறுப்பாக வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். ராஸ்கோ அதைப் பார்த்தான். கேட்டது: மாடு. கண்டது: செருப்பு. ஊகம்: மாடு செருப்புப் போட்டிருந்தது. மூன்றே ஓசை, படபடவென்று. மேவிஸ் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று எனக்கு விளங்கியது மறுநாள், கடையில் இருமல் மருந்து கலந்துகொண்டிருக்கும்போது. அப்போது மறுபடி சிரித்தேன். வாடிக்கையாளர் ஒரு அடி பின்னால் போனார்.

நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் இன்னொன்று நடந்தது. வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், எல்லாம் மேஜையில். நான் மசியலைக் கேட்டேன். யாரும் அசையவில்லை. மறுபடி கேட்டேன். மேவிஸ் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது, என் வாக்கியத்தில் எங்கோ பிழை. என் மொழியில், என் மேஜையில், நான் பிழை விட்டிருக்கிறேன். எது பிழை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்க மசியல் ஆறிக்கொண்டிருந்தது. ராஸ்கோ மெல்லச் சொன்னான்: கண்டது, பசித்த மனிதன். மேவிஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். அன்று நான் கிழங்கு சாப்பிடவில்லை. வான்கோழி நன்றாக இருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் மாநாடு. ஆண்டுக்கொரு தடவை நாடு முழுவதிலிருந்தும் எங்களைப் போன்றவர்கள் கூடுவார்கள். பத்திரிகை ஆசிரியர்கள் வருவார்கள், கதை எழுதுகிறவர்கள் வருவார்கள். வருகிற கோடையில் ஓரிமை மேடையேற்ற அரை மணி நேரம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒருவர்தான் பேசலாம். சார்ஜென்ட், நான் மருந்துக்கடையில் எத்தனை வருஷம் இருமல் மருந்து கலந்திருக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த அரை மணிக்காகத்தான் கலந்தேன். மனிதனுக்கு அடுத்த மனிதன் எப்படி இருப்பான் என்று அவர்கள் பார்க்கப் போகிற முதல் நாள் அது. வாழ்க்கையில் நான் வேறெதையும் விரும்பியதில்லை.

மேவிஸ் பஸ் நிறுத்தத்தில் பேச்சை எடுத்தாள். வெளியே ஆங்கிலம் பேசலாம்.

"மேடையில ராஸ்கோ பேசட்டும் வெண்டல். நீ பேசினா பாடம் நடத்துற மாதிரி இருக்கு. அவன் பேசினாத்தான் அந்த பாஷைக்கு உசுரு இருக்குன்னு தெரியுது."

"பாஷைய உண்டாக்கினது நான், மேவிஸ்."

"பியானோ செஞ்சவனா கச்சேரி பண்றான்? கோவிச்சுக்காத. உம் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"கோவம்லாம் ஒண்ணுமில்ல. பஸ் வருது பாரு."

அன்று சாயங்காலம் ராஸ்கோவே என் கடைக்கு வந்தான். அவன் நல்லவன், அதைச் சொல்லியாக வேண்டும். கவுன்டரில் சாய்ந்துகொண்டு, புதினா மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"மேவிஸ் சொன்னத மனசுல வச்சுக்காத. நீயே பேசுடா. எனக்கு மைக்கு தினமும் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. நீ எங்கயாவது தடுமாறினா நான் பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்குறேன். யாருக்கும் தெரியாது."

"ரொம்ப சந்தோஷம்."

"அட, இதுக்கென்ன."

மிட்டாயை மென்றுகொண்டே போய்விட்டான். எடுத்துக் கொடுப்பானாம். உண்டாக்கியவனுக்கு. நான் கண்ணாடிக் குப்பிகளைத் துடைத்து அடுக்கினேன். கோபம் வரவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் வந்தது, விஞ்ஞானச் சந்தேகம். ராஸ்கோவுக்கு நாக்கு மட்டும்தான் ஓடுகிறதா, அல்லது உண்மையிலேயே மூளையும் அந்த நிலைக்குப் போய்விட்டதா? இதைச் சோதிக்காமல் மாநாட்டுக்குப் போவது பொறுப்பில்லாத செயல் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேவிஸ் தன் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஃபின்ட்லே ஊருக்குப் போயிருந்தாள். ராஸ்கோவை வாசலுக்குக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன், சட்டம் எல்லோருக்கும் பொது, நீயும் தேர்வு எழுத வேண்டும் என்று.

"இந்தக் குளிர்லயா? சரி போ, கீழதான் கதகதப்பா இருக்கும். இதழும் பாதியிலேயே நிக்குது, அதையும் உருட்டி முடிச்சிர்றேன்."

ஒரு டோனட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி இறங்கினான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். சைக்ளோஸ்டைல் கைப்பிடி கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. மகிழ்ச்சியான சத்தம் அது.

நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது நான் சொன்னது இதுதான்: அவன் ஆங்கிலத்தில் கூப்பிட்டான், வீட்டுச் சட்டப்படி நான் அதைக் கேட்கவில்லை, அசந்து தூங்கிவிட்டேன், விழித்துக் கதவைத் திறந்தால் அவன் மேல்படியில் சரிந்து கிடந்தான். நீங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"ஏன்யா, மனுஷன் உள்ள கெடந்து கத்துறான், கதவத் தொறக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு? இவ்வளவு படிச்சு என்னய்யா பிரயோசனம்?"

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. நேர்மையான, பழைய மனிதக் கோபம். அதனால்தான் இன்று காப்பி குடித்துக்கொண்டே சிலவற்றைத் திருத்துகிறேன்.

முதலாவது, உலை. புகைபோக்கி அடைத்துக்கொண்டு புகை உள்ளே வருகிறது, தலையை வலிக்கிறது என்று மேவிஸ் அந்த வாரம் முழுக்க ஓரிமில் சொல்லிக்கொண்டிருந்தாள். நிச்சயம் என்ற ஓசையைப் போட்டே சொன்னாள். ஆள் கூப்பிட்டுச் சரி பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன் நான். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. என் ஞாபகசக்தி அந்த மாதிரி இல்லை. கரிப்புகை மனிதனை என்ன செய்யும் என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தேர்வு என்றால் கொஞ்சம் நெருக்கடி இருக்கத்தானே வேண்டும்? மேவிஸுக்கு எலி. இவனுக்கு இது. திறமைக்குத் தக்க வினா.

இரண்டாவது, தூக்கம். நான் தூங்கவில்லை. சமையலறையிலிருந்து நாற்காலியைக் கொண்டுபோய் நிலவறைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். காலுறை மாற்றிக்கொண்டேன், அந்த நடையில் கொஞ்சம் குளிர் அடிக்கும்.

முதலில் அவன் ஆங்கிலத்தில்தான் கூப்பிட்டான். அது உண்மை.

"டேய் வெண்டல், தொறடா, போதும். தல சுத்துது. விளையாட்டு இல்லடா, உலைல ஏதோ கோளாறு. டேய்!"

ரேடியேட்டர் சத்தம். நான் அசையவில்லை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது, சார்ஜென்ட். இவ்வளவுதானா, கழுத்தைப் பிடித்தால் இவனுக்கும் பழைய பாஷைதானா என்று. மேடை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போகட்டும், எழுந்து திறந்து, தோளில் தட்டி, பரவாயில்லை, மனிதன்தானே என்று சொல்லலாம் என நினைத்தேன். என்ன கேக் வாங்கலாம் என்றுகூட யோசித்தேன்.

அப்போது சத்தம் நின்றது. பிறகு கதவுக்கு அருகிலேயே, படியின் மேல் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவன் போல, ராஸ்கோ ஓரிமில் ஆரம்பித்தான். இதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேவிஸிடமும் இல்லை. சாவு வீட்டில் அவள் என் எதிரே வந்து நின்று, நிச்சயம் என்கிற ஒரே ஓசையைச் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. புத்திசாலி அவள்.

அவன் சொன்னதை உங்களுக்காக நீட்டிச் சொல்கிறேன்; அங்கே அது சில ஓசைகள்தான். கண்டது: உலையின் தீ மஞ்சளாகிவிட்டது. நிச்சயம்: என் கைகள் எனக்கு அடங்கவில்லை. ஊகம்: நீ கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். கதவைத் திற. அவ்வளவு அழகாக அந்த மொழியை அதற்கு முன் யாரும் பேசிக் கேட்டதில்லை. உண்டாக்கிய நான்கூட இப்படியெல்லாம் சேர்க்கலாம் என்று நினைத்ததில்லை. இரண்டாம் தடவை இன்னும் நிதானமாகச் சொன்னான். மூன்றாம் தடவை ஒன்றை மட்டும் மாற்றினான். ஊகம் என்பதை எடுத்துவிட்டு, கண்டது என்றான். கதவின் அடி இடுக்கில் என் செருப்பு தெரிந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே, அதையும் சரியாக மாற்றினான்.

சட்டம் என்ன சொல்கிறது? சரியாகச் சொன்னால் திறக்க வேண்டும். எனக்குத் தெரியும், எழுதியவன் நான். ஆனால் சரி என்று முடிவு செய்யும் முன் கவனமாகக் கேட்க வேண்டாமா? நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு ஓசையாகக் கேட்டேன். அவன் குரல் மெலிந்துகொண்டே போயிற்று, நான் இன்னும் கிட்டே சாய்ந்து கேட்டேன். அவன் கடைசியாகச் சொன்ன ஓசைகூடச் சுத்தமாக இருந்தது.

என்னைக் கொடியவன் என்று எழுதிவிடாதீர்கள், சார்ஜென்ட். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரே ஒரு தப்பு விட்டிருந்தால் போதும், சந்தோஷமாகத் திறந்திருப்பேன்.